நான்காவது குப்பி

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த அந்த வாரத்தில் கள்ளக்குறிச்சிக்கு வரும் சாலைகள் எல்லாவற்றிலும் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. எனக்கு அப்போது முப்பது வயது. ஊரில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லப்படும் அரசுக் கால்நடை மருத்துவமனையில் டாக்டராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பஸ் ஓடவில்லை, கடைகள் திறக்கவில்லை, மாடு ஓட்டிக்கொண்டு வருபவர்களும் இல்லை. காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு நானும் கம்பவுண்டரும் சும்மா உட்கார்ந்திருப்போம்.

கம்பவுண்டர் எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். ஒல்லியான ஆள். ஆனால் மிரளுகிற காளையின் மூக்கணாங்கயிற்றை ஒரு கையால் பிடித்து நிறுத்திவிடுவார். நான் வந்த புதிதில், பொம்பளை டாக்டர் வேண்டாம் என்று ஒரு விவசாயி மாட்டைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தார். கம்பவுண்டர் வாசலிலேயே அவரை மறித்து, “ஆம்பள கையா பொம்பள கையான்னு மாடு இன்னா கேக்கப் போவுதா?” என்று சொல்லி உள்ளே அழைத்து வந்தார். அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

மறியலின் நான்காம் நாள் காலை ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். சட்டையெல்லாம் சேறு. சேலத்துப் பக்கமிருந்து கடலூருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சர்க்கஸ் கம்பெனியின் லாரி சின்னசேலத்துக்கு இந்தப் பக்கம் மறியலில் மாட்டிக்கொண்டதாம். லாரியில் ஒரு பெண் யானை. இரண்டு நாள் வெயிலில் நின்றிருக்கிறது. பாகன் வயல் கிணறுகளிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறான். முந்தைய நாள் பிற்பகல் போலீஸ் வந்து மரங்களை அகற்றப் பார்க்க, கல் பறந்தது, தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. ஒரு குண்டு லாரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. யானை லாரியின் பக்கச் சட்டத்தை உடைத்துக்கொண்டு கீழே குதித்தது. குதித்தபோது சட்டத்திலிருந்து பிய்ந்த ஓர் இரும்புப் பட்டை அதன் இடது முன்காலுக்குப் பின்னால் அக்குளில் ஏறிவிட்டது. அந்த இரும்போடே அது ஓடியிருக்கிறது. மறித்த பாகனின் தோள்பட்டையை உடைத்திருக்கிறது. வழியில் ஒரு மாட்டுவண்டியைத் தூக்கிப் போட்டதில் நுகத்தில் பூட்டியிருந்த மாடுகளில் ஒன்று அங்கேயே செத்துவிட்டது. இப்போது கச்சிராயபாளையத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் நிற்கிறது.

இன்ஸ்பெக்டர் சுடுவதற்குத் தயாராக இருக்கிறார் என்றும், சுட்ட பிறகு கையெழுத்துப் போட ஒரு கால்நடை டாக்டர் வேண்டும் என்றும் போலீஸ்காரர் சொன்னார்.

நான் அதற்கு முன் இரண்டு வருடம் சென்னையில் மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்திருந்தேன். பெரிய மிருகங்களுக்கு அறுவை செய்யும்போது மயக்க மருந்து கொடுக்கிற குழுவில் நான்தான் இளையவள். அங்கே ஒரு நீர்யானைக்குப் பல் முறிந்து வாய் புழுத்திருந்தது. ஊசித் துப்பாக்கியால் மருந்து செலுத்தினோம். மருந்து ஏறும் முன் அது குளத்துக்குள் இறங்கிவிட்டது. அங்கேயே மயங்கித் தலை தண்ணீருக்குள் அமிழ்ந்தது. எட்டுப் பேர் கயிறு போட்டு இழுத்தும் தலையைத் தூக்க முடியவில்லை. குமிழிகள் வருவது நிற்கும்வரை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து பெரிய மிருகம் எதையும் மயக்குகிற வேலை வந்தால் வேறு யாரையாவது அனுப்பப் பார்ப்பேன். கள்ளக்குறிச்சிக்கு மாற்றல் கேட்டு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இருந்தும் சுட்ட பிறகு கையெழுத்துப் போட மட்டும் போவது எனக்குப் பிடிக்கவில்லை. போலீஸ் ரைஃபிளால் யானையை ஒரே குண்டில் கொல்ல முடியாது. பத்து இருபது குண்டு வாங்கிக்கொண்டு அது அரை நாள் கதறும், அதற்குள் இன்னும் யாரையாவது மிதிக்கும். மாடுகளைச் சாந்தப்படுத்துகிற மருந்துத் தூள் என்னிடம் சென்னையிலிருந்து கொண்டுவந்தது கொஞ்சம் இருந்தது. அதோடு கெட்டமின் என்ற மயக்க மருந்தும் சேர்ந்தால் யானையைச் சாய்க்கலாம். கெட்டமின் மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.

அரசு மருத்துவமனை டாக்டர் அலமாரியைத் திறந்து காட்டினார். ஆறு குப்பிகள் இருந்தன. நான்கை எடுத்துக் கொடுத்தார். சண்டை நடக்கிற நேரம், யாராவது வெட்டுக்காயத்தோடு வந்தால் தன்னிடம் இரண்டுதான் இருக்கும், மிச்சமிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். நானும் சரி என்றேன்.

ஊசித் துப்பாக்கி எங்களிடம் கிடையாது. பசுக்களுக்குக் கால்சியம் ஏற்றுகிற பெரிய ஊசிக்குழலை ஒரு நீண்ட மூங்கில் முனையில் பொருத்தி, குத்தும் வேகத்திலேயே மருந்து உள்ளே இறங்குகிற மாதிரி செய்யலாம் என்று கம்பவுண்டருக்கு வரைந்து காட்டினேன். அவருக்குத் தெரிந்த இரும்புக்கடை பாய் ஷட்டரைப் பாதி தூக்கி ஒரு துண்டுக் குழாயும் கம்பியும் கொடுத்தார். அரை மணி நேரத்தில் கம்பவுண்டர் அதைக் கட்டி முடித்து, ஒரு வாழைமரத்தில் இரண்டு தடவை குத்திப் பார்த்தார். பிறகு இரண்டு சைக்கிள்களில் கிளம்பினோம். சாய்ந்து கிடந்த மரங்களைத் தாண்டும்போது அவர் முதலில் தன் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார், பிறகு என்னுடையதை. மறியல் ஆட்கள் எங்களைப் பார்த்தார்கள். எங்கே போகிறோம் என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். ஓரிடத்தில் மட்டும், தலையில் ரத்தக் கறையோடு துணி சுற்றியிருந்த ஒருவர், முந்தைய நாள் தடியடியில் தன் தம்பியின் கை முறிந்ததாகவும் அதைப் பார்க்க ஒரு டாக்டரும் வரவில்லை, யானைக்கு மட்டும் டாக்டர் வருகிறாரா என்றும் கேட்டார். நான் மாட்டு டாக்டர் என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

கரும்புத் தோட்டத்தை அடைந்தபோது பத்தரை மணி. கல்வராயன் மலை மிக அருகில் தெரிந்தது. வெள்ளிமலைக்குப் போகும் ஜீப் ஒன்று சாலையோரம் கண்ணாடி உடைந்து நின்றது. நூறு நூற்றைம்பது பேர் வரப்புகளில் நின்றிருந்தார்கள். எல்லார் கையிலும் கத்தி, கடப்பாரை, கல் ஏதாவது ஒன்று. தோட்டத்தின் நடுவில் வீடு கட்டும் அளவுக்குக் கரும்பு நசுங்கிக் கிடக்க, அதன் மத்தியில் யானை நின்றது. அக்குளிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு இரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் இரும்பின் முனை ஏறி இறங்கியது. கால் முழுவதும் நகம்வரை ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. தோட்டத்துக்காரரின் பசு ஒன்று வரப்பில் விலா நொறுங்கிக் கிடந்தது. அதற்கு இன்னும் உயிர் இருந்தது. முதலில் அதைப் பார்க்கச் சொன்னார்கள். அதைப் பிழைக்கவைக்க முடியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. கம்பவுண்டர் கத்தியை எடுத்து அதன் கழுத்தில் ஒரே இழுப்பாக இழுத்து முடித்தார். கூட்டம் அதைப் பார்த்து இன்னும் சூடானது.

பாகனை ஒரு பம்புசெட் கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். தோளைத் துண்டால் கட்டியிருந்தார்கள். கேரளத்து ஆள், ஐம்பது வயது இருக்கும். தமிழ் தெரிந்தவன். யானைக்கு முப்பத்தைந்து வயது, கன்றாக இருந்தபோதிலிருந்து தன்னோடு இருக்கிறது, இதுவரை ஆளைத் தொட்டதில்லை என்றான். எடை, கடைசியாகத் தின்றது, தண்ணீர் குடித்தது எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் என்னிடம் மூன்று மணிவரை நேரம் கொடுத்தார். அதற்குள் அது தரையில் கிடக்க வேண்டும், இல்லையென்றால் சுடுவேன் என்றார். அவர் கண் சிவந்திருந்தது. மூன்று நாளாகத் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்று குப்பிக் கெட்டமினில் தூளைக் கரைத்து ஊசியில் ஏற்றினேன். நான்காவதைப் பையில் வைத்துக்கொண்டேன். இடையில் அது விழித்துக்கொண்டால் கொடுப்பதற்கு அது ஒன்றுதான் இருந்தது. மயக்கத்தை முறிக்கிற மாற்று மருந்து என்னிடம் இல்லை. தமிழ்நாட்டிலேயே அப்போது இருந்ததா என்றும் தெரியவில்லை.

திட்டம் என்னுடையது. கம்பவுண்டர் வாழைத்தாரோடு முன்னால் நின்று அதன் கவனத்தை இழுக்க வேண்டும். நான் பின்னாலிருந்து வலது தொடையில் குத்திவிட்டு வாய்க்கால் பக்கம் ஓட வேண்டும். அவரை யானையின் இடது பக்கமாக நிற்கச் சொன்னேன். காயம்பட்ட இடது காலை ஊன்றி அது அந்தப் பக்கம் திரும்பாது என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “பயப்படாம குத்துங்கம்மா. நம்ப மாடுதான்னு நெனச்சுக்குங்க,” என்றார்.

குத்தினேன். மூங்கில் கையில் அதிர்ந்தது. மருந்து முழுதும் இறங்கியதைக் கண்ணாடிக் குழலில் பார்த்தேன். யானை பிளிறவில்லை. உடம்பு முழுவதும் ஒரே சுற்றாக, இடது பக்கம், காயம்பட்ட காலின் மேலேயே திரும்பியது.

கம்பவுண்டர் இரண்டடிதான் பின்வாங்கியிருப்பார். தும்பிக்கை அவரை இடுப்பில் அடித்து வரப்பின் மேல் தள்ளியது. அவர் எழுவதற்குள் யானை முன்னங்கால்களை மடக்கி, நெற்றியை அவர் இடுப்பின்மேல் வைத்து அழுத்தியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கரும்பு முறிகிற சத்தம் மாதிரி இருந்தது. அது கரும்புதான் என்று ஒரு நொடி நம்பினேன். எல்லாத் திசையிலிருந்தும் கல் விழுந்தது. யாரோ வைக்கோல் கொளுத்தி எறிந்தார்கள். ஒரு போலீஸ்காரர் வானத்தைப் பார்த்துச் சுட்டார். யானை நிமிர்ந்து நான்கைந்து அடி தள்ளாடிப் போய் நின்றது. அதற்குள் ஆட்கள் அவரைக் கையையும் காலையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பாகன் கொட்டகையிலிருந்து ஓடிவந்தான். ஒரு கையால் அங்குசத்தை எடுத்து யானையின் காதுக்குப் பின்னால் மாறி மாறிக் குத்தினான். மனுசனைக் கொன்னுட்டியே, மனுசனைக் கொன்னுட்டியே என்று கத்திக்கொண்டே குத்தினான். அதற்கு மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. தும்பிக்கை கயிறுபோல் தொங்க, அடியை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. மூன்று பேர் அவனை இழுத்துப் போட்டார்கள். அழுதுகொண்டே அவன் என்னிடம் சொன்னான், அவள் எந்தக் காலில் புண்ணிருந்தாலும் இடது பக்கம்தான் திரும்புவாள், சர்க்கஸ் வளையத்துக்குள் முப்பது வருடமாக அப்படித்தான் சுற்றியிருக்கிறாள் என்று. நான் அவனிடம் என்னென்னவோ கேட்டிருந்தேன். இதைக் கேட்கவில்லை.

கம்பவுண்டரைக் கொட்டகைக் கயிற்றுக்கட்டிலில் கிடத்தினார்கள். இடுப்புக்குக் கீழே வேட்டி நனைந்திருந்தது. ரத்தம் வெளியே அதிகம் இல்லை. உள்ளே எலும்பு பொடியாகியிருந்தது. நல்ல நினைவோடு இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வலி தாங்க முடியலங்கம்மா. அந்த மருந்து ஒண்ணு மிச்சம் வச்சிருக்கீங்களே, அத எனக்குக் கொஞ்சம் போடுங்க.”

அது மனிதர்களுக்கான மருந்துதான். மனிதர்களின் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்ததுதான். எவ்வளவு கொடுக்கலாம் என்று ஓரளவு எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் கூட்டம் கத்தியது. திரும்பிப் பார்த்தேன். யானை விழுந்துவிட்டது. ஆனால் பக்கவாட்டில் விழவில்லை. கால்களை மடக்கி, நெஞ்சைத் தரையில் பதித்து உட்கார்ந்துவிட்டது.

யானையின் நுரையீரல் நெஞ்சுக்கூட்டோடு ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் படுத்தால் அது மூச்சு விடும். நெஞ்சு தரையில் அழுந்தினால் தன் எடையே தன் மூச்சை அடைத்துவிடும். நிமிடக் கணக்குத்தான். நீர்யானையின் குமிழிகள்தான் என் கண்முன் வந்தன.

“உங்களுக்கு அதைப் போடக் கூடாதுங்க. எனக்கு அனுமதி இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறாங்க, அங்க போடுவாங்க,” என்றேன்.

பொய். அவர் என்னைப் பார்த்தார். என் கையை விட்டுவிட்டார். கட்டிலை நான்கு பேர் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிச் சாலையில் போனார்கள். நான் யானையிடம் ஓடினேன்.

மரம் வெட்டி இழுத்த தடித்த கயிறுகள் மறியல் ஆட்களிடம் இருந்தன. யாரோ போய்க் கொண்டுவந்தார்கள். யானையின் கால்களிலும் உடம்பிலும் கயிறு கட்டி, இரும்பு மேல்பக்கம் வருகிற மாதிரி வலது பக்கமாகச் சாய்க்க வேண்டும் என்றேன். நாற்பது ஐம்பது பேர் பிடித்தார்கள். ஆள் போதவில்லை. போலீஸ்காரர்களும் ரைஃபிளை வைத்துவிட்டு அதே கயிற்றைப் பிடித்தார்கள். கயிற்றில் தனக்கு முன்னால் நின்ற போலீஸ்காரரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். தன் அண்ணனை அடித்தவராம். கயிற்றை விட்டுவிட்டுப் போலீஸ்காரரின் பிடரியில் ஓர் அறை விட்டார். போலீஸ்காரர் திரும்பி அவர் வாயில் குத்தினார். இரண்டு பேரும் கரும்புத் தோகையில் கட்டிப் புரண்டார்கள். மற்றவர்கள் அவர்களைத் தாண்டி நின்று இழுத்தார்கள். நான் வெறிபிடித்தவள் போலக் கத்திக்கொண்டிருந்தேன். என்னென்ன கெட்ட வார்த்தை சொன்னேன் என்று பின்னால் எனக்குச் சொன்னார்கள். மூன்றாவது இழுப்பில் அந்த உடம்பு சரிந்து விழுந்தது. தரை அதிர்ந்தது. ஒரு நீண்ட மூச்சு தும்பிக்கை வழியாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்தது.

பாகன் ஒரு கையால் தும்பிக்கை நுனியைத் தன் மடியில் தூக்கி வைத்து, மண் புகாமல் திறந்து பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு மூச்சுக்கும் எண் சொன்னான். ஈரத் துணியால் கண்ணை மூடினோம். காதுகளில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றிக்கொண்டேயிருக்கச் சொன்னேன். வெயிலில் மயங்கிக் கிடக்கிற யானை உள்ளுக்குள்ளேயே வெந்துவிடும்.

இரும்பை உருவ இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது. அது வெளியே வந்ததும் ரத்தம் என் முகத்தில் அடித்தது. தோள்வரை கையை உள்ளே விட்டு, துடித்துக்கொண்டிருந்த ரத்தக்குழாயை விரலால் நெரித்துப் பிடித்தேன். மறுகையால் கட்ட வேண்டும். கம்பவுண்டர் இருந்திருந்தால் நான் கேட்கும் முன் இடுக்கி கையில் இருந்திருக்கும். நூல் இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை நின்றது. உள்ளே துணித் துண்டும் மரத்தூளும் லாரியின் பெயிண்ட் செதிலும் இருந்தன. சதையைச் சீவிச் சீவி எடுத்துக்கொண்டிருக்கும்போது காது ஆடியது. பிறகு முன்கால் உதைத்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் மல்லாந்து விழுந்தார். பையிலிருந்து நான்காவது குப்பியை எடுத்துக் காதின் பின்புற நரம்பில் ஏற்றினேன். பாதி போனதுமே கால் அடங்கிவிட்டது. மீதிப் பாதி ஊசியிலேயே இருந்தது.

அந்தப் பாதி மிச்சமானது எனக்கு அப்போதே தெரியும். ஊசியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தபோது என் கை அதை உணர்ந்தது.

புண்ணைக் கழுவி, சீழ் வடிய வழிவிட்டு, மருந்துத் துணி திணித்து முடித்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. யானை இரண்டேகால் மணிக்கு எழுந்தது. முதலில் தலையை ஆட்டியது, பிறகு உடம்பை உந்தி உட்கார்ந்தது, பிறகு நின்றது. போலீஸ்காரர்கள் அதன் நெற்றியைக் குறி வைத்துக்கொண்டிருந்தார்கள். பாகன் சங்கிலியோடு அருகில் போனான். அது அவனைத் தடவிப் பார்த்துவிட்டுக் காலை நீட்டியது. அவன் சங்கிலி போட்டான். கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். தோட்டத்துக்காரர் மட்டும் தன் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் தனியாக சைக்கிளில் திரும்பினேன். மரங்களைத் தாண்டும்போது சைக்கிளைத் தூக்கித் தர யாரும் இல்லை. உடம்பெல்லாம் யானையின் ரத்தம் காய்ந்து இறுகியிருந்தது. ஊருக்கு இரண்டு மைல் முன்னால், கட்டில் தூக்கிப் போனவர்களில் ஒருவர் எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கட்டிலை ஒவ்வொரு மரத்துக்கும் மேலே தூக்கி இறக்க வேண்டியிருந்தது என்றார். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் கம்பவுண்டர் கதறியிருக்கிறார்.

“வலிக்குது வலிக்குதுன்னு கத்திக்கினே வந்தாருங்க. அந்தப் பெரிய மரத்தத் தாண்டினதும் சத்தமே வரல. நாங்க மயக்கம்னு நெனச்சிக்கினோம்.”

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்ததாம். எனக்கு மருந்து கொடுத்த டாக்டரிடம் போனேன். ஊசியில் இருந்த பாதியை அவர் மேஜைமேல் வைத்தேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே அத்தனை ரத்தம் இறங்கியிருந்ததால் எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்றார். வலிக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று கேட்டேன். அந்த ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இதில் கால்வாசி போதும் என்றார்.

கம்பவுண்டரின் வீடு ஊரின் மேற்குக் கோடியில், கூரை வீடு. நான் குளிக்காமல் அப்படியே போனேன். அவர் மனைவியை அதற்கு முன் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். உயரமான பெண், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை. எழுந்து என் எதிரில் வந்து நின்றார். கட்டில் தூக்கியவர்கள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள்.

“யானைக்கு வலிக்கக் கூடாதுன்னு மருந்து போட்டியே. அவரு கேட்டாராமே. உங்கிட்ட இருந்துச்சா இல்லியா?”

“இருந்தது. போடல,” என்றேன்.

அவர் என்னை அறைந்தார். முழுக் கையால், காதோடு சேர்த்து. நான் கீழே விழுந்தேன். யாரும் தடுக்கவில்லை. மறுபடி அடிப்பார் என்று எதிர்பார்த்துத் தரையிலேயே இருந்தேன். அவர் உள்ளே போய்விட்டார். அந்தக் காதில் ஒரு மாதம் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. அதற்கு நான் வைத்தியம் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் ஓரமாக நின்றேன். அங்கிருந்து நேராகக் கச்சிராயபாளையம் போய் யானையின் புண்ணைக் கழுவினேன். நாற்பது நாளுக்கு மேல் அப்படிப் போனேன். ஒரு மாந்தோப்பில் அதைக் கட்டியிருந்தார்கள். மரங்களை அகற்றினார்கள், பஸ் ஓடியது, மறியலில் பிடிபட்டவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். சர்க்கஸ்காரர்கள் திரும்பி வரவேயில்லை. புண் ஆறியதும் வனத்துறையினர் வந்து யானையையும் பாகனையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த யானையின் மேல் எனக்குப் பிரியமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அதன் புண்ணில் கை வைத்திருக்கும் நேரத்தில் மட்டும் எனக்கு வேறு எதுவும் நினைவு வராது. அதற்காகத்தான் போனேன் போலிருக்கிறது.

விசாரணை நடந்தது. என்மேல் தவறில்லை என்று எழுதினார்கள். நான் சொன்ன பொய்யைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானே எழுதிக் கொடுத்தேன். அது கோப்பில் எங்கோ இருக்கும்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் மருத்துவமனைக் கதவைத் திறந்தபோது வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். கையில் ஓர் உத்தரவு. வேலையில் இருக்கும்போது கணவர் இறந்ததால் கருணை அடிப்படையில் உதவியாளராக நியமித்திருந்தார்கள். அவர் கேட்டது வேலையை மட்டும்தான். எந்த ஊர் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். உத்தரவை இரண்டு தடவை படித்தேன். அவர் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு துடைப்பத்தைத் தேடிப் போனார்.

நான்கு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் டாக்டரம்மா என்றார், வாங்க போங்க என்றார். சொன்ன வேலையைச் செய்தார். முதல் ஆறு மாதம் அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

அப்போதெல்லாம் காளைக் கன்றுகளுக்குக் காயடிக்க மரத்துப்போகச் செய்கிற மருந்து போடுவது வழக்கமில்லை. மாட்டைக் கட்டிப்போட்டுக் கிடுக்கியால் ஒரே நசுக்கு, அது கத்தும், முடிந்தது. கல்லூரியிலும் அப்படித்தான் செய்தோம். அவர் வந்து சேர்ந்த இரண்டாவது வாரம், களமருதூரிலிருந்து பெண் கொடுத்த ஊருக்கு வந்திருந்த ஒரு விவசாயி தன் மருமகன் வீட்டுக் கன்றை ஓட்டி வந்தார். கன்றைக் கீழே தள்ளிக் கயிறு போட்டாயிற்று. நான் கிடுக்கியை எடுத்தேன். அக்கா கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

“மருந்து போடலீங்களா?”

கன்று திமிறி எழுந்து ஓடப் பார்த்தது. விவசாயி சிரித்தார். இதுக்குப் போயி மருந்தா, நாங்கள் கல்லால் தட்டின காலம் உண்டு என்றார். அக்கா அந்த ஆளைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய் மரமரப்பு ஊசியைக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து அது இல்லாமல் அவர் எந்த மாட்டையும் பிடிக்க மாட்டார். இலாகா அனுப்புகிற மருந்து தீர்ந்துபோனால் காயடிப்பைத் தள்ளி வைப்போம். விவசாயிகள் என்னைத் திட்டினார்கள், மேலே புகார் எழுதினார்கள். ஒருமுறை ஒருவர் கோபத்தில் அக்காவைத் தார்க்குச்சியால் அடித்துவிட்டார். அவர் அதைப் பிடுங்கி இரண்டாக ஒடித்துக் கூரைமேல் எறிந்தார்.

அவர் கணவர் இறந்த நாளைப் பற்றி நாங்கள் ஒரே ஒரு தடவைதான் பேசினோம். மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன். ஒரு மழைப் பிற்பகல், வேலை இல்லை. அவர் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

“அந்த யானை இன்னும் உசுரோட இருக்குதுங்களா?”

போன மாதம் பாகனிடமிருந்து கார்டு வந்தது, இருக்கிறது என்றேன். கால் கொஞ்சம் இழுக்குமாம், மரம் தூக்குகிற வேலை கொடுப்பதில்லையாம் என்றேன்.

அவர் அடுப்பைத் தணித்தார். இடுக்கியால் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார்.

“அவரு வூட்ல மாட்டுக்கு ஊசி போடறதப் பத்தித்தான் எந்நேரமும் பேசிக்கினு இருப்பாரு. அப்பல்லாம் நான் அதக் காதுல வாங்கிக்கினதே இல்ல,” என்றார். பிறகு வாசலில் யாரோ எருமையோடு வந்து குரல் கொடுக்க, கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.